கசிவுநீர்க் கணக்கு

நவம்பர் 12, 2024, செவ்வாய்

கோப்பு இரண்டு கட்டாக வந்திருந்தது. மாலைக்குள் படித்து முடித்தேன். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைகள் பல சேர்ந்து நடத்தும் நிலநிரப்பிடம் அது. கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் குரோமியச் சேறு அங்கேதான் புதைகிறது. முதல் குழி நிறையப்போகிறது, இரண்டாவதைத் திறக்க அனுமதி வேண்டும் என்று விண்ணப்பம். அதற்காகத்தான் இந்த ஆய்வு. மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் முடிவெடுக்கும்வரை ஊர்ப் பெயரோ நிறுவனப் பெயரோ இந்த நோட்டில் வராது.

தோல் பதனிடப் போடும் குரோமியத்தில் 60, 70 விழுக்காடுதான் தோலில் ஏறுகிறது. மிச்சம் தண்ணீரோடு போய்ச் சேற்றில் படிகிறது. படிவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் குரோமியம். அது எளிதில் கரையாது, மண்ணைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் வேறு ரகம். தண்ணீரில் கரையும், மஞ்சளாக ஓடும், புற்றுநோயை உண்டாக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன 2.27 லட்சம் டன் கழிவு அந்த ரகம். அதன் அடியில் விரிப்பு எதுவும் கிடையாது, வெறும் மண். மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் இறங்குவதை அந்தப் பகுதியில் வேலை பார்த்த எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

நாங்கள் போகப்போகிற குழி, மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2001-ல் வெளியிட்ட அளவுகோல்படி கட்டியது. அடியில் இறுக்கிய களிமண். அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் எச்டிபிஇ நெகிழி விரிப்பு. அதன்மேல் வடிகால் ஜல்லி. மறுபடியும் களிமண், விரிப்பு, ஜல்லி. அதற்கும் மேலேதான் சேறு. களிமண்ணில் தண்ணீர் ஊடுருவும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் மூன்று சென்டிமீட்டர்.

இரண்டு விரிப்புக்கும் நடுவில் இருக்கும் ஜல்லி அடுக்குதான் எனக்கு முக்கியம். மேல் விரிப்பு ஓட்டையானால் முதலில் ஈரமாவது அதுதான். கோப்பு முழுக்கத் தேடினேன். அந்த அடுக்கைப் பற்றி ஒரு அளவீடுகூட இல்லை.

நவம்பர் 14, வியாழன்

காலை ஒன்பதுக்கெல்லாம் வாசலில் நின்றோம். மாவட்டப் பொறியாளர் சார், நான், ஆய்வகத்திலிருந்து ஒருவர்.

காகிதங்கள் எல்லாம் சுத்தம். கழிவோடு வரும் மேனிஃபெஸ்ட்டின் ஏழு படிகளும் 2016 அபாயகரக் கழிவு விதிகள் சொல்கிற நிறங்களிலேயே இருக்கின்றன: அனுப்பியவர் வைத்துக்கொள்ளும் மஞ்சள், பெறுபவருக்கு இளஞ்சிவப்பு, லாரிக்காரருக்கு ஆரஞ்சு, வாரியத்துக்குப் பச்சை. எடைமேடைச் சீட்டும் அதனோடு ஒத்துப்போகிறது. ஆண்டறிக்கை ஜூன் 30-க்குள் போயிருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சார் அரை மணி நேரத்தில் புரட்டி முடித்து, “இனி லாரியைப் பாருங்க” என்றார்.

பத்தரைக்கு ஒரு டிப்பர் வந்தது. தார்ப்பாய் போட்டிருந்தது. விலக்கிப் பார்த்தால் சேறு பளபளவென்று இருக்கிறது. அழுத்தி வடித்த சேறு உதிரும், இப்படிப் பளபளக்காது. அங்கேயே மாதிரி எடுத்து வடிகட்டிச் சோதனை செய்யச் சொன்னேன். எளிய சோதனை. 60 மெஷ் வடிகட்டியில் 100 மில்லிலிட்டர் அளவு சேற்றை வைத்து ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் அதில் தனித் திரவம் இருக்கிறது என்று பொருள், குழிக்குள் போகக்கூடாது.

அங்குள்ள ஆய்வகத்துப் பையன் கல்லூரி முடித்து வந்து அதிக நாள் ஆகவில்லை. கை நடுங்கினாலும் முறையாகச் செய்தான். மூன்றாவது நிமிடத்தில் முதல் சொட்டு விழுந்தது.

“மழைக்காலம் மேடம், தார்ப்பாய் போட்டும் நனைஞ்சிடுது” என்றார் மேற்பார்வையாளர்.

“அப்ப திருப்பி அனுப்புங்க.”

“அனுப்புனா அங்க வைக்க இடமில்லம்பாங்க. டிரைவர் எங்கிட்டதான் சண்டைக்கு வருவான்.”

அவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தொழிற்சாலை தன் வளாகத்தில் 90 நாள்வரைதான் வைத்திருக்கலாம். அதற்குள் அனுப்பியாக வேண்டும், மழையில் சேறு காயாது. ஆனால் அதற்கு வழி காயவைக்கும் கொட்டகையைக் கூரை போட்டுப் பெரிதாக்குவதுதானே தவிர, ஈரத்தோடு குழிக்குள் தள்ளுவது அல்ல. லாரி திரும்பிப் போனது. காரணத்தை மேனிஃபெஸ்டிலேயே எழுதவைத்தேன்.

பிறகு பையனிடம் சோதனைப் பதிவேட்டைக் கேட்டேன். மூன்று மாதமாக எல்லா லாரியும் தேறியிருக்கிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. அவனைப் பார்த்தேன். குனிந்துகொண்டான். முதல் வேலையில் இருக்கும் பிள்ளையிடம் அதற்குமேல் கேட்க மனம் வரவில்லை. கேட்க வேண்டிய ஆட்கள் மேலே இருக்கிறார்கள்.

நவம்பர் 15, வெள்ளி

இன்று முழுக்கக் குழிதான்.

கரைமேல் ஒரு சுற்று நடந்தோம். நேற்று இரவு பெய்தது தூறல்தான், ஆனாலும் சேற்றின் மேல்பரப்பில் இரண்டு இடத்தில் தண்ணீர் நின்றது. அன்றாடம் கொட்டி முடித்ததும் மூட வேண்டிய விரிப்பு பாதிக்கு மேல் சுருட்டியே கிடந்தது. தெற்குக் கரையில் ஒரு நீளமான வெடிப்பு. ஆழமில்லை, படமெடுத்துக்கொண்டேன்.

அடுத்து கசிவுநீர் சம்ப். சேற்றில் இருக்கிற நீரும் அதன்மேல் விழுகிற மழையும் வடிந்து அடியில் சேர்வதை அங்கிருந்து பம்ப் செய்து கசிவுநீர்க் குளத்துக்கு அனுப்ப வேண்டும். விரிப்பின்மேல் தண்ணீர் 30 சென்டிமீட்டருக்கு மேல் நிற்கக்கூடாது. சும்மா சொன்ன அளவு இல்லை அது. விரிப்பில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் மேலே நிற்கிற தண்ணீரின் உயரம் கூடக்கூட அதன் வழியே இறங்குவது கூடும்.

பதிவேட்டைப் பிரித்தால் தினமும் 6 கிலோலிட்டர். செப்டம்பரில் 6, அக்டோபரில் 6, ஞாயிற்றுக்கிழமை 6. அக்டோபர் 31 தீபாவளியன்றும் 6, அதே பேனா, அதே கையெழுத்து.

பம்பின் மணிமானியைப் படித்துப் பார்த்தேன். அதில் ஓடியிருக்கும் நேரத்தைப் பம்பின் திறனால் பெருக்கினால் பதிவேட்டுக் கூட்டுத்தொகையில் பாதிகூட வரவில்லை. மழையிலிருந்து தொடங்கினாலும் அதே கதை. ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். மூடாமல் கிடக்கும் பரப்பு ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதில் 25 மில்லிமீட்டர் பெய்தாலே ஒரு லட்சம் லிட்டர், அதாவது 100 கிலோலிட்டர். கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சத்தைச் சேறே குடித்துக்கொள்ளும். எவ்வளவு தாராளமாகக் கழித்தாலும் மழை நாளிலும் வெயில் நாளிலும் ஒரே 6 வராது. அப்படியானால் மீதித் தண்ணீர் குழிக்குள்தான் நிற்கிறது, அல்லது கீழே இறங்குகிறது.

நடு அடுக்கின் குழாய் எங்கே என்று கேட்டேன். மேற்பார்வையாளர் கரையோரம் கூட்டிப்போய்க் காட்டினார். மூடியின் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. எண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, ஒரு மணி நேரம் போராடித்தான் திறந்தார்கள். கட்டிய நாளிலிருந்து இதைத் திறக்கவே இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அளவு நாடாவை இறக்கினேன். நுனி ஈரமாக வந்தது.

ஒரு பாட்டில் அளவுக்கு அதிலிருந்து எடுக்க முடிந்தது. லேசான பழுப்பு நிறம். சார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “சீல் வைங்க, ரெண்டு பாகமா” என்றார்.

நவம்பர் 16, சனி

கண்காணிப்புக் கிணறுகள். விதிமுறைப்படி நிலத்தடி நீர் வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் மூன்று. நான்கும் இருக்கின்றன, பூட்டும் இருக்கிறது. போகும் பக்கத்துக் கிணறு ஒன்றின் மூடியில் எறும்புப் புற்று.

கிணற்றில் தேங்கிய தண்ணீரை அப்படியே மொண்டு எடுத்தால் சோதனை பொய் சொல்லும். குழாயில் நிற்கும் அளவைப்போல மூன்று மடங்கு இறைத்து வெளியேற்றி, மின்கடத்துதிறன் ஒரே நிலைக்கு வந்தபின்தான் மாதிரி. மொத்த உலோகத்துக்கு எடுக்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு எடுக்கும் பாட்டிலில் அமிலம் விடக்கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். சனிக்கிழமை என்பதால் ஆய்வகத்தில் ஆள் இருக்கச் சொல்லி நேற்றே பேசிவிட்டேன். நீர்ச் சட்டம் 1974-இன் 21-ஆம் பிரிவின்படி நிறுவனத்தார் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இரண்டிலும் முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டோம். இதில் ஒரு படி தவறினாலும் நீதிமன்றத்தில் மொத்த உழைப்பும் வீண்.

வேலிக்கு வெளியே கிழக்கே ஒரு விவசாயக் கிணறு. அதிலும் எடுக்கலாம் என்று போனோம். சொந்தக்கார மூதாட்டி வரப்பில் உட்கார்ந்து கீரை கிள்ளிக்கொண்டிருந்தார்.

“எடுத்துக்கோ கண்ணு. பாட்டிலோட வர்றவங்க எல்லாரும் எடுத்துக்கிட்டுதான் போறாங்க. திரும்பி வந்து என்னா இருக்குதுன்னு சொன்னவங்க ஒருத்தருமில்ல.”

“நான் வந்து சொல்றேன் ஆயா.”

“குடிக்கிறத எப்பவோ உட்டுட்டோம். மாடு குடிக்கலாமா, அத மட்டும் கேட்டு வந்து சொல்லு.”

அவர் கேட்டது முழுக்க நியாயமான கேள்வி. எங்கள் படிவங்களில் அதற்குப் பதில் எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

நவம்பர் 18, திங்கள்

மாதிரிகள் ஆய்வகத்தில் பதிவாகிவிட்டன. சேற்றுக்கு நச்சுக் கரைவுச் சோதனையும் கேட்டிருக்கிறேன். ஒரு பங்கு சேறு, இருபது பங்கு கரைசல், 18 மணி நேரம் சுழற்றல். குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். வேறு வேலைகள்.

நவம்பர் 27, புதன்

முடிவுகள் வந்தன.

சேறு வரம்புக்குள் இருக்கிறது. கண்காணிப்புக் கிணறுகள் எதிலும் குரோமியம் குடிநீர் வரம்பான லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டவில்லை. விவசாயக் கிணற்றிலும் தாண்டவில்லை. நிறுவனத்தின் ஆலோசகர் மதியமே தொலைபேசியில் அழைத்துவிட்டார். “குரோமியமே இல்லை, பார்த்தீர்களா” என்றார், சந்தோஷமாக.

நான் பார்த்தது உப்பை. தோல் தொழிலில் குரோமியத்தைவிட வேகமாகப் பயணம் போவது உப்புதான். பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடுகிற உப்பு, குளோரைடாகக் கழிவுநீரில் வந்து சேற்றிலும் தங்குகிறது. மூன்று இணைதிறன் குரோமியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். குளோரைடு எதிலும் ஒட்டாது, தண்ணீர் போகிற வேகத்திலேயே போகும். கசிவு இருந்தால் முதலில் வந்து சேருவது அதுதான். குரோமியம் வரும்வரை காத்திருப்பவர்கள் பல ஆண்டு காத்திருப்பார்கள். அது வந்து சேரும்போது செய்ய ஒன்றும் மிஞ்சியிருக்காது.

நீர் வரும் பக்கத்துக் கிணற்றைவிடப் போகும் பக்கத்துக் கிணறுகளில் இரண்டில் குளோரைடு மிக அதிகம். நடு அடுக்கில் எடுத்த பாட்டிலில் குளோரைடு மட்டுமல்ல, குரோமியமும் இருக்கிறது, கசிவுநீர் சம்ப்பில் எடுத்ததோடு கிட்டத்தட்ட ஒரே சேர்க்கையில். மேல் விரிப்பு பழுதாகிவிட்டது. அதில் எனக்கு ஐயமில்லை.

கீழ் விரிப்பும் போய்விட்டதா? அதை இந்த ஒரு சுற்று மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது. இந்தப் படுகையில் எத்தனையோ ஆண்டு தோல் கழிவு வெறும் நிலத்தில் ஓடியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அதற்காகத்தான். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியென்று ஏற்ற தீர்ப்பு அது. பழைய உப்பா, குழியின் உப்பா என்று பிரித்தறிய மழைக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து எடுத்துப் பார்க்க வேண்டும். அறிக்கையில் அப்படியே எழுதுவேன். தெரிந்ததற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அந்த ஆலோசகர் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் உடைப்பார்.

டிசம்பர் 2, திங்கள்

ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவு புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. நேற்று முழுக்க மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவு என்று செய்தி. காலையிலேயே சாரிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் கிளம்பினேன்.

கசிவுநீர்க் குளம் விளிம்புவரை நிரம்பியிருந்தது. ஒரு ஜாண்கூட இடைவெளி இல்லை. குளத்திலிருந்து ஒரு தடித்த ரப்பர் குழாய் புதர் வழியாகக் கரைமேல் ஏறி, மறுபடி குழிக்குள்ளேயே இறங்குகிறது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. குழியிலிருந்து வடிப்பதைக் குளத்துக்கு விட்டு, குளம் நிறைந்தால் அதையே குழிக்குள் ஊற்றுகிறார்கள். 15-ஆம் தேதி எனக்கு இடித்த கணக்குக்கு இங்கே பாதி விடை கிடைத்தது.

மேற்பார்வையாளர் மறைக்கவில்லை. “வேற எங்க மேடம் விடறது? வெளிய விட்டா ஊரு சும்மா விடுமா? குளத்தைப் பெருசாக் கட்டுங்கன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்.”

நம்புகிறேன். குளத்தின் அளவைத் தீர்மானித்தவர்கள் அவரைப்போல மழையில் நிற்பவர்கள் அல்லர்.

தெற்குக் கரை வெடிப்பு இப்போது விரல் நுழையும் அகலம். அதன் நேர் கீழே தகரக் கொட்டகை. உள்ளே பாய்கள், ஒரு ஸ்டவ், கொடியில் துணி. ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் இரவில் படுப்பது அங்கே.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் நடந்தது இந்தத் துறையில் இருக்கும் எவருக்கும் மறக்காது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தோல் கழிவுச் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஈரச் சேற்றுக்கு எடை மிக அதிகம், பிடிமானம் மிகக் குறைவு. கலிபோர்னியாவின் கெட்டில்மேன் ஹில்ஸில் 1988 மார்ச் 19 அன்று முறையாக விரிப்புப் போட்ட அபாயகரக் கழிவுக் குழியிலேயே, ஈரமான விரிப்புகளுக்கிடையே கழிவுத் திரள் வழுக்கி 35 அடிவரை நகர்ந்தது. எல்லாம் விதிப்படி கட்டியதுதான்.

பம்பை நிறுத்தவைத்தேன். டேங்கர் வரவழைத்து, குளத்து நீரைச் சுத்திகரிப்பு நிலையத்தின் சமன் தொட்டிக்கு ஏற்றத் தொடங்கினார்கள். கொட்டகையைக் காலி செய்யச் சொன்னபோது, “நாளைக்குச் செஞ்சிடலாம் மேடம்” என்றார்கள். இன்றைக்கே என்றேன். அலுவலகக் கட்டடத்தின் மாடி அறையைத் திறந்து, பாய்களும் ஸ்டவ்வும் அங்கே ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். மணி எட்டாகிவிட்டது.

டிசம்பர் 4, புதன்

மூதாட்டியைப் பார்க்கப் போனேன். அச்சிட்ட தாளைக் கொடுத்துவிட்டு, அதில் இருப்பதைச் சொன்னேன். குரோமியம் வரம்பைத் தாண்டவில்லை. உப்பு அதிகம். கரைந்த உப்புகள் குடிநீருக்கு உச்ச வரம்பான லிட்டருக்கு 2,000 மில்லிகிராமுக்கும் மேலே. மனிதர் குடிக்க வேண்டாம். மாட்டைப் பொறுத்தவரை கால்நடை மருத்துவரிடம் இந்தத் தாளைக் காட்டி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள், அதுவரை பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரையே வையுங்கள் என்றேன்.

தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “மழ உட்டதும் இன்னொருக்கா எடுத்துப் பாரு” என்றார். அறிக்கையில் நான் எழுதப்போவதும் அதையேதான்.

டிசம்பர் 6, வெள்ளி

அறிக்கையைச் சமர்ப்பித்தாயிற்று. சார் இரண்டு இடத்தில் சொற்களை மாற்றினார், பரிந்துரைகளைத் தொடவில்லை.

முதல் குழிக்குள் இன்றிலிருந்து சேறு போகக்கூடாது. மேல்பரப்பை முழுதும் மூட வேண்டும். தெற்குக் கரையின் உறுதியை வெளியிலிருந்து ஒரு மண்ணியல் பொறியாளர் சோதிக்க வேண்டும். குழாய் போட்டுத் திருப்பி ஊற்றுவது நிற்க வேண்டும், கசிவுநீர்க் குளத்தை வடகிழக்குப் பருவமழையை வைத்துக் கணக்கிட்டுப் பெரிதாக்க வேண்டும். நடு அடுக்கின் குழாயை வாரம் ஒருமுறை திறந்து அளக்க வேண்டும். கிணற்று முடிவுகளைத் தமிழில் எழுதிப் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும். கடைசிப் பரிந்துரைக்கு விதிகளில் ஆதாரம் எங்கே என்று தலைமை அலுவலகம் கேட்கும். கேட்கட்டும்.

இரண்டாம் குழிக்கு அனுமதி தரக்கூடாது. முதல் குழியின் மேல் விரிப்பு எங்கே பழுதானது, கீழ் விரிப்பு நிற்கிறதா என்று தெரியாமல் அதே ஆட்கள் அதே முறையில் இன்னொன்றைத் திறப்பது அந்தக் கிழக்குப் பக்கத்து வயல்களுக்குச் செய்யும் அநியாயம். தொழிற்சாலைகளுக்கு இதனால் நெருக்கடி வரும் என்று எனக்குத் தெரியும். சேற்றை அனுமதி பெற்ற வேறு இடத்துக்கு ஏற்றிப்போக அவர்களுக்குச் செலவாகும். அந்தச் செலவு அவர்களுடையதுதான்.

குழியை மூடியபிறகும் 30 ஆண்டு கண்காணிக்க வேண்டும் என்கிறது அளவுகோல். இந்தக் குழிக்கு அந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.